வீட்டுத் தோட்டத்தில் மரத்தக்காளி: உறைபனிக் காலத்தில் அதனைக் காப்பாற்றும் முறை

நுவரெலியா, கந்தப்பளை, மீப்பிலிமான, அம்பேவலை, பட்டிப்பளை போன்ற உயர்ந்த இடங்களில் மரக்கறி செய்யும் கமக்காரரின் வீட்டு முற்றங்களில் மரத்தக்காளி மரம் ஒன்றோ இரண்டோ நிற்பதைக் காணலாம். பத்து அடி உயரத்திற்குக் குடைபோலப் பரந்து, பெரிய இதயவடிவ இலைகளுடன் நிற்கும் இம்மரம், கிளை நுனிகளில் இளஞ்சிவப்புக் கலந்த வெண்ணிறப் பூக்களைக் கொத்தாகப் பூக்கும். பூக்கள் நறுமணமுடையவை, தேனீக்கள் அவற்றை நாடி வரும். பின்னர் முட்டை வடிவான சிவப்பு அல்லது மஞ்சட் பழங்கள் நீண்ட காம்புகளிற் தொங்கும். அழகுக்கு ஒரு பூமரமும் உணவுக்கு ஒரு பழமரமும் வேண்டுவோருக்கு இரண்டும் ஒன்றாய் அமைந்தது இது. நன்கு பேணப்பட்ட ஒரு மரம் ஆண்டொன்றில் 20 கிலோகிராம் வரையில் பழம் தரவல்லது.

ஆயினும் இம்மரத்திற்கு ஒரு பெருங்குறை உண்டு. உறைபனியை அதனாற் பொறுக்க முடியாது. இரண்டு ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த மரம், முதற்காய் பழுக்கும் தறுவாயில், தை மாதத்து இரவு ஒன்றிற் கருகிவிடும். மறுநாட் பகலில் இலைகள் வெந்நீரில் அவித்தவை போலத் துவண்டு கறுத்துத் தொங்கும். இவ்வாறு மரத்தை இழந்தவர்கள் பலர் “இந்த நிலத்திற்கு மரத்தக்காளி சரிவராது” என்று கைவிட்டுவிடுகின்றனர். குறை பெரும்பாலும் நிலத்தினது அன்று. நட்ட இடத்தினதும், பனிக்காலத்திற்கு முன் செய்யவேண்டியவற்றைச் செய்யாமையினதுமே ஆகும்.

மரத்தின் இயல்பு

மரத்தக்காளியின் தாயகம் தென் அமெரிக்காவின் அந்தீசு மலைப்பகுதி. 1967 ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாட்டு வணிகர் இதற்குத் ‘தமரில்லோ’ என்னும் பெயரைச் சூட்டினர். பிறநாட்டுச் சந்தைகளில் இன்று அப்பெயரே வழங்குகின்றது. தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. இந்த உறவினால் வரும் நன்மை தீமைகளைப் பின்னர் கூறுவோம்.

குளிர்ந்த மலைநாட்டுக் காலநிலையே இதற்கு உகந்தது. வெப்பம் மிகுந்த தாழ்நாட்டு நெல்வயற் பகுதிகளில் மரம் வளர்ந்தாலும் ஒழுங்காகக் காய்ப்பதில்லை. ஆங்குள்ள கமக்காரர் இதிற் காலத்தைச் செலவிடவேண்டியதில்லை. வெலிமடைப் பக்கத்தில் பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் செய்வோர் வீட்டுத் தோட்டத்தில் இதனைத் தாராளமாக வளர்க்கலாம். அவர்களுக்குப் பனிப்பயம் குறைவு.

வேர்கள் மண்ணின் மேற்படையிலேயே பரவுவன. மரமோ மென்மையானது, கிளைகள் எளிதில் முறியும். வேரடியில் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து நீர் தேங்கி நின்றாலே மரம் பட்டுப்போகும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 2 பாகை செல்சியசு அளவிற்கு இறங்கினால் இலைகளும் இளந்தளிர்களும் இறந்துவிடும். கனத்த கிளைகள் தப்பினால் மீண்டும் துளிர்க்கும். இளங்கன்றாயின் அடியோடு போய்விடும். எனவே முதல் இரண்டு பனிக்காலங்களைக் கடத்திவிட்டாற் பாதி வெற்றி கிடைத்ததாகக் கருதலாம்.

உறைபனி எவ்வாறு உண்டாகின்றது?

இதனை விளங்கிக்கொண்டாலன்றிக் காக்கும் முறைகள் விளங்கா. பனி வானத்திலிருந்து மழைபோல விழுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பகலில் வெயிலினாற் சூடேறிய நிலமும் இலைகளும் இரவில் அச்சூட்டை வானத்தை நோக்கி இழக்கின்றன. முகில் இருந்தால் அது ஒரு போர்வைபோல நின்று, சூட்டின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். முகிலற்ற தெளிந்த வானமாயின் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. காற்று வீசினால் மேலேயுள்ள சற்றுச் சூடான காற்றுக் கீழே கலக்கும். காற்று அடங்கினால் அதுவும் இல்லை. இவ்வாறு இலையின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும்போது, காற்றிலுள்ள நீராவி இலைமேல் வெண்துகளாகப் படிகின்றது. மலைநாட்டில் இதனைப் பூப்பனி என்பர்.

மரத்திற்குக் கேடு செய்வது மேலே தெரியும் அவ்வெண்துகள் மட்டுமன்று. இலையினுள்ளேயுள்ள நீர் உறைவதே உண்மையான கேடு. உறைந்த நீர் கலங்களிலிருந்து மேலும் நீரை இழுத்துக் கலமென்சவ்வுகளைச் சிதைக்கின்றது. பனி படியாமலே இலை கருகுவதும் உண்டு.

கவனிக்க வேண்டிய வேறொரு செய்தியும் உளது. குளிர்ந்த காற்றுப் பாரமானது. அது தண்ணீரைப்போலச் சரிவு வழியே இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். ஒரே தோட்டத்தில் மேட்டுப் பாத்தி பச்சையாக இருக்க, பள்ளத்துப் பாத்தி வெண்மையாகக் கிடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அன்றியும், அத்தகைய இரவில் நிலத்தை ஒட்டிய காற்றே மிகக் குளிர்ந்தது. நாலைந்து அடி உயரத்திற் குளிர் சற்றுக் குறைவு. ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 பாகை அல்லது 4 பாகை காட்டும்போதே புல்லின்மேற் பனி படிந்திருக்கக் காரணம் இதுவே. வானொலியிற் கூறப்படும் வெப்பநிலையை மட்டும் நம்பியிருந்தால் ஏமாற நேரிடும்.

மார்கழி நடுப்பகுதி முதல் மாசி முடியும் வரை இப்பயம் உண்டு. வானம் நாள் முழுவதும் தெளிந்திருந்து, பிற்பகலில் உலர்ந்த குளிர்காற்று வீசி, பொழுது சாயும்போது அக்காற்று முற்றாக அடங்கி, நட்சத்திரங்கள் கூர்மையாக ஒளிருமாயின் அன்றிரவு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். முகில் மூடினாலோ தூறல் விழுந்தாலோ நிம்மதியாக உறங்கலாம். கடுங்குளிர் நள்ளிரவிலன்று, சூரியன் உதிக்குமுன் உள்ள வேளையிலேயே ஏற்படும்.

இடத்தைத் தெரிவு செய்தல்

காவல் வேலையிற் பெரும்பங்கு இடத்தெரிவிலேயே முடிந்துவிடுகின்றது. ஓடைக்கரை, பள்ளத்தின் அடி, வயலை ஒட்டிய தாழ்ந்த மூலை ஆகியவற்றை விலக்குக. சரிவின் நடுப்பகுதி நல்லது. சரிவுக்குக் குறுக்கே அடர்ந்த வேலியோ கல்மதிலோ இருப்பின் அதற்கு மேற்புறத்தில் நடவேண்டாம். இறங்கிவரும் குளிர்காற்று அணையில் நீர் தேங்குவதுபோல அங்கே தேங்கும். வேலிக்குக் கீழ்ப்புறத்தில் நட்டால் அதே வேலி மரத்திற்குக் காவலாகும். இடம் மாற்ற இயலாதெனின், வேலியின் தாழ்ந்த மூலையில் நாலடி அகலத்திற்கு ஒரு வாயில் வெட்டிவிட்டால் குளிர்காற்று வழிந்தோடிவிடும். செலவில்லாத இவ்வேலையைச் செய்வோர் மிகக் குறைவு என்பது வியப்பானது.

வீட்டின் மேற்குப் பக்கம் மிகச் சிறந்தது. பிற்பகல் வெயிலைச் சுவர் உள்வாங்கி இரவிற் சிறிது சிறிதாக வெளியிடும். கூரைத் தாழ்வாரம் வானத்தின் ஒரு பகுதியை மறைப்பதால் இலைகள் சூட்டை இழப்பதும் குறையும். காலை இளவெயில் உறைந்த இலைமேல் உடனே படாது. உறைந்த இலை திடீரெனச் சூடேறினால் கேடு மிகும். ஆனால் கூரைநீர் மரத்தடியில் விழாதவாறு வாய்க்கால் அமைத்தல் வேண்டும். பனிக்குத் தப்பிய மரத்தை வெள்ளத்திற்குக் கொடுத்துவிடலாகாது. தென்மேற்குப் பருவக்காற்று நேரே மோதும் மூலையையும் விலக்குக.

கன்று உண்டாக்குதல்

விதையினாலும் தண்டுத் துண்டினாலும் கன்று உண்டாக்கலாம். தண்டுத் துண்டினால் வரும் மரம் விரைவிற் காய்க்கும். ஆனால் நிலத்தருகே கிளைவிட்டுப் பற்றைபோலப் படரும். விதைக்கன்றோ ஒரே தண்டாக ஐந்தடி வரை நேராக எழுந்த பின்னரே கிளைவிடும். குளிர் நிலத்தருகே மிகுதி என்பதை மேலே கூறினோம். ஆகவே பனி விழும் இடங்களில் விதைக்கன்றையே நடுமாறு கூறுவோம். தாய்மரத்தில் வைரசு நோய் இருந்தால் தண்டுத் துண்டுடன் அதுவும் வந்துவிடும் என்பது மற்றொரு காரணம். பனியற்ற, காற்று மிகுந்த வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் தண்டுத் துண்டினால் வரும் குட்டை மரமே மேல்.

நோயற்ற மரத்தின் முதிர்ந்த பழத்திலிருந்து விதை எடுத்துக் கழுவி நிழலில் உலர்த்தி, மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ நாற்றுப்பெட்டியில் விதைக்க. மூன்று நான்கு வாரங்களில் முளைக்கும். இரண்டங்குலம் உயர்ந்ததும் தனித்தனிச் சாடிகளுக்கு மாற்றுக. உங்கள் நிலம் பனிப்பள்ளமாயின், அவ்வாண்டே கன்றை நிலத்தில் நடவேண்டாம். அடியிற் துளையிட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தில் வளர்த்து, முதற்பனிக் காலம் முழுவதும் இரவில் விறாந்தையிலோ அடுக்களைச் சுவரோரத்திலோ வைத்துக் காத்து, மறு பங்குனியில் நடுக. ஓராண்டு வீணாகிறதே என்று எண்ணவேண்டாம். தகரத்திலும் கன்று வளர்ந்துகொண்டே இருக்கும், பங்குனியில் நடுகையில் அது மூன்றடிக் கன்றாக இருக்கும்.

குழி இரண்டடி நீள அகல ஆழம் போதும். மேல்மண்ணுடன் நன்கு மக்கிய கூட்டெரு அல்லது மாட்டெரு ஒரு கூடை கலந்து நிரப்பி, மண்ணைச் சுற்றுப்புறத்திலும் சற்று மேடாக்கி நடுக. மரத்திற்கு மரம் எட்டு முதல் பத்தடி இடைவெளி விடுக. வலுவான ஊன்றுகோல் நாட்டி, தண்டில் வெட்டாதவாறு சாக்கு நாரினால் எட்டு வடிவிற் கட்டுக. பனியற்ற இடத்தில் மூன்றடியில் நுனியைக் கிள்ளுவது வழக்கம். பனி விழும் இடத்தில் ஐந்தடி வரை விட்டுக் கிள்ளுதலே நன்று. தலைப்பகுதி குளிர்ப்படைக்கு மேலே நிற்கும்.

பனிக்காலத்திற்கு ஆயத்தம்

ஐப்பசி தொடங்கியபின் யூரியா முதலிய நைதரசன் பசளைகளை இம்மரத்திற்கு இடவேண்டாம். மரக்கறிப் பாத்திக்கு இடும்போது மிஞ்சியதை மரத்தடியிற் கொட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் மார்கழியில் இளந்தளிர் செழித்து எழும். பனி முதலில் தின்பது அவ்விளந்தளிரையே. அதே காரணத்தால் கிளை நறுக்குவதையும் ஆவணிக்குப் பின் நிறுத்தி, பனிப்பயம் நீங்கிய பங்குனியில் மட்டும் செய்க. புதிதாக வளரும் கிளைகளிலேயே பூக்கள் உண்டாவதால், பங்குனியில் நறுக்குவது காய்ப்பிற்கும் உதவும்.

மூடுபடையைப் பற்றிக் கமக்காரரிடையே ஒரு மயக்கம் உண்டு. வேர்கள் மேலோட்டமாக இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதியிலும் மரத்தடிக்கு வைக்கோலோ உலர்புல்லோ போட்டு மூடுவது அவசியம். பனிக்காலத்திலோ அம்மூடுபடையே எதிரியாகிவிடுகின்றது. பகற்சூடு மண்ணினுட் செல்லாமலும், மண்ணின் சூடு இரவில் மேலெழுந்து மரத்தை அடையாமலும் அது தடுத்துவிடும். வளர்ந்த புல்லும் அவ்வாறே. ஆதலால் மார்கழி நடுவில் மூடுபடையைத் தண்டிலிருந்து மூன்றடி தூரத்திற்கு ஒதுக்கி, புல்லைச் செதுக்கி, மண்ணைக் கிண்டாமல் இறுக்கமாக விட்டு, நன்பகலில் நீரூற்றி ஈரமாக வைத்திருக்க. ஈரமான இறுகிய வெறுமண் பகலில் மிகுந்த சூட்டைச் சேமிக்கும். உலர்ந்து கிண்டிய மண் அவ்வாறு சேமியாது. மாசி கழிந்ததும் மூடுபடையை மீண்டும் போடுக.

இளங்கன்றின் தண்டைச் சுற்றி வைக்கோற் புரியை ஓரடி உயரத்திற்குத் தடிப்பாகச் சுற்றிவைக்கலாம். மேற்பகுதி கருகினாலும் அடித்தண்டு தப்பினால் மீண்டும் துளிர்க்கும். பங்குனியில் அதனை அகற்றாவிடின் ஈரத்தினால் தண்டு அழுகும்.

பனி இரவிற் செய்யவேண்டியவை

கன்றைச் சுற்றி அதனிலும் உயரமான நாலு தடிகளை மார்கழியிலேயே நாட்டி வைத்துக்கொள்க. பனிக்குறி தென்படும் நாளில், வெயில் தாழுமுன், ஏறக்குறைய மாலை ஐந்து மணிக்குள், தடிகளின்மேற் சாக்கு அல்லது பழந்துணி கொண்டு மூடுக. மூடி நிலம்வரை தொங்கி, ஓரங்களிற் கல் வைத்து அடைக்கப்படவேண்டும். இதுவே முக்கியமானது. மரத்தின் தலையை மட்டும் பொட்டலம்போலக் கட்டிவிடுவோர் உளர். மரம் தானாகச் சூடு உண்டாக்குவதில்லை. காப்பது நிலத்திலிருந்து எழும் சூடே. அது மூடிக்குள் வர வழியிருக்க வேண்டும்.

பொலிதீன் தனியாக நல்ல காவலன்று. சூட்டுக் கதிர்கள் அதனூடே பெருமளவு கடந்துவிடும். இலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் தொட்ட இடம் கருகும். சாக்கின்மேற் பொலிதீனைப் போட்டால், சாக்கு நனையாமலிருக்க உதவும். தகரத்தில் நீர் நிரப்பி நாள் முழுவதும் வெயிலில் வைத்திருந்து இரவில் மூடிக்குள் வைப்பதும் பயன்தரும். நீர் தன் சூட்டை மெல்ல வெளியிடும். உறைய நேர்ந்தாலும் கிராமொன்றுக்கு 80 கலோரி வெப்பத்தை வெளிவிட்டே உறையும். மூடிக்குள் விளக்கோ தணலோ வைக்கவேண்டாம். சாக்கு எரிந்து மரமும் போகும். காலையில் பனி உருகி வெயில் ஏறியதும் மூடியை அகற்றுக. பகலில் மூடியே இருந்தால் மண்ணுக்குச் சூடு சேராது.

வளர்ந்த மரத்தை மூட இயலாது. அதன் தலையைக் காப்பது இடமும் உயரமுமே. தாழ்ந்த கிளைகளுக்கு மட்டும் சாக்குத் தொங்கவிடலாம்.

புகை போடுவது பற்றிப் பலர் வினவுகின்றனர். ஈர இலைகளை எரித்து உண்டாக்கும் புகை முகில்போற் காக்கும் என்பது நம்பிக்கை. புகைத்துகள்கள் நிலத்தின் சூட்டுக் கதிர்களைத் தடுக்கப் போதியவையல்ல. காலையில் வெயிலை மறைத்து நிலம் சூடேறுவதையும் தாமதப்படுத்தும். கண்ணெரிச்சலே மிச்சம். நீர் தெளிப்பது வேறு. பனி தொடங்கும் வேளையிலிருந்து காலையில் உறைந்த நீர் முற்றாக உருகும் வரை இடைவிடாது தூவினால், உறையும் நீர் வெளிவிடும் சூடு இலையைக் காக்கும். நடுவிற் பம்பி நின்றால் நனைந்த இலை நனையாத இலையிலும் மோசமாகக் கெடும். ஒன்றிரண்டு மரங்களுக்காக இரவு முழுவதும் பம்பி ஓட்டுவது தகுந்த செலவன்று; உருளைக்கிழங்குப் பாத்திக்குத் தூவல் ஓடும்போது மரமும் அதனுட் படுமாயின் நன்று.

பனி தாக்கிவிட்டால்

மறுநாளே கத்தியை எடுக்கவேண்டாம். கருகிய இலைகளும் கிளைகளும் அடுத்த பனிக்கு உள்ளேயுள்ள மொட்டுகளுக்கு ஒரு போர்வையாகும். எது இறந்தது, எது உயிருடன் உள்ளது என்பதும் உடனே தெரியாது. மூன்று நாலு வாரம் பொறுத்து நகத்தாற் பட்டையைச் சற்றுச் சுரண்டிப் பார்க்க: பச்சையாயின் உயிருண்டு, கபிலநிறமாயின் இறந்தது. பங்குனியிற் துளிர்கள் தெரிந்தபின், உயிருள்ள மொட்டிற்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுக. நிலமட்டம்வரை கருகியிருந்தால் அடியிலிருந்து எழும் துளிர்களில் வலுவான ஒன்றை வைத்து ஏனையவற்றைக் கிள்ளிவிடுக. வேர்த்தொகுதி பழையதாகையால் அத்துளிர் புதுக்கன்றிலும் விரைவாக வளரும். தளிர்கள் முதிரும்வரை பசளையைக் குறைவாகவே இடுக.

பனிக்காலத்திற்கு முன்னரே நிறம் மாறத் தொடங்கிய பழங்களைக் காம்புடன் பறித்துவிடுக. உறைந்த பழம் நீர்கோத்துச் சுவை கெடும், விற்பனைக்கு உதவாது. பூத்ததிலிருந்து பழுக்க ஐந்து ஆறு மாதங்கள் செல்வதால், ஒரே மரத்திற் பூவும் பிஞ்சும் பழமும் ஒன்றாக இருப்பது இயல்பு. எல்லாம் ஒருங்கே பழுக்கும்வரை காத்திருத்தல் வேண்டாம்.

உருளைக்கிழங்குக் கமக்காரருக்கு ஓர் எச்சரிக்கை

மேலே கூறிய குடும்ப உறவு இங்கேதான் நினைவிற் கொள்ளத்தக்கது. உருளைக்கிழங்கையும் தக்காளியையும் அழிக்கும் பிந்திய வெளிறல் நோய் மரத்தக்காளியையும் தாக்கும். அழுக்கணவன் பூச்சி பரப்பும் வைரசு நோய்கள் சில இரண்டிற்கும் பொதுவானவை. உருளைக்கிழங்கு மூன்று நாலு மாதங்களில் நிலத்தை விட்டு அகன்றுவிடும். மரமோ பத்து ஆண்டுகள் நிற்கும். நோயுற்ற மரம் ஒன்று வயலருகே நின்றால் ஒவ்வொரு போகத்திற்கும் நோயைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் களஞ்சியமாகிவிடும். ஆகவே மரத்தக்காளியை உருளைக்கிழங்குப் பாத்தியின் வரம்பில் நடவேண்டாம். வீட்டோரத்தில், இயன்ற தொலைவில் நடுக. முன்பு வேர்முடிச்சு வட்டப்புழு கண்ட பாத்தியும் ஆகாது.

இலைகளிற் பச்சையும் மஞ்சளும் கலந்த திட்டுகளும், பழத்தோலில் ஒழுங்கற்ற கறைகளும் தோன்றின் வைரசு என ஐயுறலாம். அதற்கு மருந்தில்லை. மரத்தைப் பிடுங்கி எரித்துவிடுதலே முறை. காய்க்கும் மரத்தைப் பிடுங்க மனம் வராது. ஆனால் ஒரு மரத்தின் பழத்தையும் ஒரு போகத்துக் கிழங்கையும் நிறுத்துப் பார்த்து முடிவு செய்க. இலையில் வெண்மாப்போற் படிவது தூள் பூஞ்சண நோய். நெருங்கிய கிளைகளை நீக்கிக் காற்றோட்டம் உண்டாக்கினாற் பெரிதும் குறையும். ஐயமுள்ள இடத்து, நோய் கண்ட இலையைத் தாளிற் சுற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.

பழத்தின் தோல் கசப்பானது. கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டெடுத்தால் தக்காளிபோலவே தோல் உரியும். உள்ளிருக்கும் சதையைச் சீனியும் நீரும் சேர்த்துக் கலக்கிப் பருகலாம். சட்னி, ஜாம் செய்யலாம். மிளகாயும் வெங்காயமும் சேர்த்துச் சம்பலாக இடித்தால் சோற்றுக்கு நன்று. விதைக்கென வைக்கும் பழத்தை மட்டும் மரத்திலேயே நன்கு கனியவிட்டு எடுக்க. மரம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நில்லாது. ஏழாம் ஆண்டளவில் புதுக்கன்று ஒன்றைத் தகரத்தில் ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது.